வெள்ளைப் புள்ளி இரண்டு வகை: தலைத்தோலை உருப்பெருக்கிப் பார்க்கும் கட்டுரைகளைப் படித்தபோது

என் அக்காவின் உச்சந்தலையில், வகிடு முடியும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி இல்லாத இடம் ஒன்று வந்தது. ஏறத்தாழ இரண்டு வருடம் அதற்குப் பெயர் புழுவெட்டு. பக்கத்து வீட்டு ஆயா சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கச் சொன்னார். ஒரு மருத்துவர் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். ஒரு முடி கிளினிக்கில் தலையில் கேமராவை வைத்துப் பெரிய திரையில் படம் காட்டி, "பாருங்க, வேர் வீக்கா இருக்கு" என்று சொல்லி ஆறு மாத பேக்கேஜ் எழுதிக் கொடுத்தார்கள். நாணயம் அளவு உள்ளங்கை அளவானது. கடைசியில் வேறொரு மருத்துவர் கையடக்கமான ஒரு கண்ணாடியை வைத்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இது புழுவெட்டு மாதிரி தெரியலைம்மா, முடி வர்ற ஓட்டையே காணோம்" என்றார். பயாப்ஸியில் வந்த பெயர் லைக்கன் ப்ளானோபைலாரிஸ்.

அன்றிலிருந்து நான் இந்தக் கருவி பற்றிய கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுபவன். ஆனால் ஒரு அளவீட்டுக் கருவி, அது தரும் அடையாளம், அந்த அடையாளத்திலிருந்து எடுக்கும் முடிவு என்ற சங்கிலி எனக்குப் பழக்கமானது. அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி உறுதி, எந்தக் கண்ணி நூல் போட்டுக் கட்டியது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஏன் அந்த இரண்டு வருடம் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். புழுவெட்டில் உடலின் எதிர்ப்புச் செல்கள் தாக்குவது முடியின் அடிக்குமிழை. முடி உதிரும், ஆனால் புது முடியை உண்டாக்கும் மூலச் செல்கள் மயிர்க்காலின் மேல்பகுதியில், பக்கவாட்டில் புடைத்த ஓர் இடத்தில், பத்திரமாக இருக்கும். அதனால் வருடக்கணக்கு ஆனாலும் முடி திரும்ப வர வாய்ப்பு உண்டு. லைக்கன் ப்ளானோபைலாரிஸில் தாக்குதல் நடப்பது அந்த மேல்பகுதியிலேயே. மூலச் செல்கள் போய்விட்டால் மயிர்க்கால் இருந்த இடத்தில் வடுதான் மிஞ்சும். போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே வைத்தியம். ஆகவே "புழுவெட்டா, வடுவா" என்ற கேள்விக்குத் தாமதமாகப் பதில் கிடைத்தால், அந்தத் தாமதத்தின் விலை சதுர சென்டிமீட்டர் கணக்கில் தலையிலேயே தெரியும்.

இந்த வடு வகை முடியுதிர்வுகள் ஒரு பெரிய குடும்பம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் கூடிய ஒரு பட்டறை, தாக்கும் செல்லை வைத்து இவற்றைப் பிரித்தது: லிம்போசைட் வகை, நியூட்ரோஃபில் வகை, இரண்டும் கலந்த வகை, எதிலும் அடங்காத மிச்சம். லைக்கன் ப்ளானோபைலாரிஸும் தலையில் வரும் டிஸ்காய்டு லூபஸும் முதல் வகை. முடி கொத்துக் கொத்தாய் பொம்மைத் தலை மாதிரி எழும் ஃபாலிகுலைட்டிஸ் டிகால்வன்ஸ் இரண்டாவது. பட்டறை முடிந்தும் சண்டை முடியவில்லை. 'ப்ஸூடோபெலாட்' என்று ஒரு நோய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் இருந்த ப்ரோக் என்ற மருத்துவர் பெயரோடு சேர்ந்தது. அது தனி நோயா, அல்லது மற்ற நோய்கள் எரிந்து அடங்கிய பிறகு மிஞ்சும் சாம்பலா என்பது இன்றும் விவாதம். (ஒரு ஊர்க் குறிப்பு: 'பெலாட்' என்றால் பிரெஞ்சில் புழுவெட்டு. எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் அக்காவின் தலையைப் பார்த்ததும் "பெலாட்" என்றார். ப்ரோக் 130 வருடத்துக்கு முன்னால் "பொய்ப் பெலாட்" என்று பெயர் வைத்ததே இந்தக் குழப்பத்துக்குத்தான். பாண்டிச்சேரியில் அந்தக் குழப்பம் மூல மொழியிலேயே நடந்தது.)

இனி கருவி. டெர்மோஸ்கோப் என்பது பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், அதைச் சுற்றி விளக்கு, அவ்வளவுதான். சிலவற்றில் துருவப்படுத்திய வெளிச்சம் இருக்கும், அது தோலின் மேற்பரப்புப் பளபளப்பைத் தள்ளிவிட்டுக் கொஞ்சம் உள்ளே காட்டும். திரையோடு இணைத்த வீடியோ வகையில் 20 முதல் 70 மடங்கு வரை போவார்கள். மச்சம் புற்றாகிறதா என்று பார்க்கத்தான் இது முதலில் பரவியது. 2006இல் வார்சாவின் லிடியா ருட்னிட்ஸ்காவும் மால்கோர்சாட்டா ஓல்ஷெவ்ஸ்காவும் இதை முடிக்கும் தலைத்தோலுக்கும் பயன்படுத்துவதற்கு 'ட்ரைகோஸ்கோபி' என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம் ராஸ், வின்சென்ஸி, டோஸ்டி மூவரின் கட்டுரையும் வந்தது. பிறகு வெள்ளம். 2009இல் இந்திய முடி ஆராய்ச்சிக் கழகம் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ட்ரைகாலஜி' என்ற இதழைத் தொடங்கியது. 2012இல் வார்சா குழு முழு அட்லஸே போட்டுவிட்டது.

நம் ஊரும் இதில் இருக்கிறது. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரின் தோல் துறையிலிருந்து மானே, நாத், தாப்பா மூவரும் 2011இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி'யில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புழுவெட்டில் டெர்மோஸ்கோப்பின் பயன் என்ன என்பது தலைப்பு. 66 நோயாளிகள். 81.8 சதவீதம் பேரிடம் மஞ்சள் புள்ளிகள், 66.6 சதவீதத்தில் கரும்புள்ளிகள், 40.9 சதவீதத்தில் குட்டையான மென்முடிகள், 12.1 சதவீதத்தில் அடி நோக்கிக் கூம்பும் முடிகள். அதாவது பாடநூல்கள் ஆச்சரியக்குறி முடி என்று கொண்டாடும் அடையாளம், நம் ஊரில் 66 பேரில் 8 பேரிடம்தான்.

இந்த எண்களை நான் மதிக்கிறேன். எங்கோ வார்சாவிலோ மயாமியிலோ எடுத்த படத்தை நம்பி உட்காராமல், தங்கள் ஓ.பி.யில் வரும் தலைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் இன்னொரு கட்டுரையை வைத்தால்தான் எண்களின் குணம் தெரியும். ஜப்பானில் இனுயி குழு 2008இல் 300 புழுவெட்டு நோயாளிகளைப் பார்த்தது. அங்கே மஞ்சள் புள்ளி 63.7, குட்டை மென்முடி 72.7, கூம்பும் முடி 31.7 சதவீதம். ஒரே நோய், ஒரே மாதிரி கருவி, இரண்டு ஊர். மென்முடி இங்கே 41, அங்கே 73. கூம்பும் முடி இங்கே 12, அங்கே 32.

சின்ன சாம்பிள், அதனால் எண் ஆடுகிறது என்று தள்ளிவிடலாமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 66இல் 8 என்றால் உண்மை மதிப்பு சுமார் 6இலிருந்து 22 சதவீதத்துக்குள் இருக்கலாம். 32 அதற்கு வெளியே. மஞ்சள் புள்ளியிலும் அப்படியே, இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆகவே வித்தியாசம் நிஜம். வேடிக்கை என்னவென்றால், தோல் கருத்தால் மஞ்சள் புள்ளி தெரிவது குறையும் என்பதுதான் எளிய எதிர்பார்ப்பு. இங்கே பாண்டிச்சேரியில் கூடுதல், ஜப்பானில் குறைவு. காரணம் நோயாளிகள் வரும் காலமாக இருக்கலாம் (கூம்பும் முடி, நோய் சுறுசுறுப்பாக இருக்கும்போது தெரிவது, வெங்காயம் தேய்த்துப் பார்த்துவிட்டு வருபவரிடம் அது முடிந்திருக்கும், இது என் ஊகம்தான்). வெளிச்சமாக இருக்கலாம். ஒரே ஒரு மஞ்சள் புள்ளி இருந்தாலும் "உண்டு" என்று குறிப்பதா, பத்தாவது வேண்டுமா என்ற விதியாகவும் இருக்கலாம். எங்கள் தொழிலில் இதை 'த்ரெஷோல்ட்' என்போம். அதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொன்னால் அடுத்தவர் அதே சோதனையை ஓட்ட முடியாது.

பொதுவான நோயான புழுவெட்டிலேயே இவ்வளவு ஆட்டம் என்றால், அரிய நோய்களில்? அங்கே ஒரு கட்டுரையில் இருபது முப்பது பேர் இருந்தாலே பெரிய விஷயம். அதோடு இன்னொரு சிக்கல். இந்தச் சதவீதங்கள் எல்லாம் நோய் உறுதியானவர்களுக்குள் எடுத்தவை. "இந்த நோய் உள்ளவர்களில் எத்தனை பேரிடம் இந்த அடையாளம்?" என்பதற்கு அது பதில். ஆனால் மருத்துவர் முன்னால் வந்து உட்காரும் அக்காவின் கேள்வி தலைகீழானது: "இந்த அடையாளம் எனக்கு இருக்கு, அப்ப எனக்கு இந்த நோயா?"

இரண்டும் ஒன்று என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு அடையாளம், நோய் உள்ள 100 பேரில் 90 பேரிடம் தெரிகிறது, நோய் இல்லாத 100 பேரில் வெறும் 5 பேரிடம் தவறாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரமாதமான அடையாளம். முடி கொட்டுகிறது என்று வரும் 1000 பேரில் 20 பேருக்குத்தான் அந்த அரிய நோய். அடையாளம் 18 பேரைச் சரியாகப் பிடிக்கும். மீதி 980 பேரில் 49 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக "இருக்கு" என்று சொல்லப்பட்ட 67 பேரில் நிஜமாக நோய் உள்ளவர் 18, அதாவது நாலில் ஒருத்தர் சொச்சம். அதே அடையாளத்தை, வடு நோய்களுக்கென்றே அனுப்பப்படும் ஒரு சிறப்புப் பிரிவில் வைத்து, அங்கே வரும் 1000 பேரில் 400 பேருக்கு நோய் என்றால், 390 பேரைப் பிடித்து அதில் 360 சரியாக இருக்கும். கருவி அதே, கண் அதே. இடம் மாறினால் 27 சதவீதம் 92 ஆகிறது. கட்டுரைகள் எழுதப்படுவது இரண்டாவது இடத்தில். கருவி விற்கப்படுவது முதலாவது இடத்துக்கு.

2013இல் ஜெயின், தோஷி, கோப்கர் மூவரும் ட்ரைகாலஜி இதழில் எழுதிய மறுஆய்வுக் கட்டுரை, இந்திய மருத்துவர்கள் பலருக்கு இந்தத் துறையின் நுழைவாசல். படிக்கத் தெளிவாக இருக்கும். எனக்குச் சண்டை அதன் தலைப்போடுதான்: அதில் 'நோயறிதல் எளிதாக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு வால் இருக்கிறது. யாருக்கு எளிது? பார்க்கப் பழகிய கண்ணுக்கு. மற்றவர்களுக்கு இந்தத் துறை ஒரு உவமைக் காடு. ஆச்சரியக்குறி முடி, காற்புள்ளி முடி, தக்கைத்திருகு முடி, துலிப் முடி, தீச்சுடர் முடி, நட்சத்திர வெடிப்பு, தேன்கூடு, விண்மீன் வானம். துலிப் பூவைப் படத்தில் மட்டும் பார்த்த திண்டிவனம் மருத்துவ மாணவிக்கு அது என்ன உதவி? தலையல்லாத தோல் நோய்களுக்கு 2020இல் சர்வதேச டெர்மோஸ்கோபி சங்கத்தின் சார்பில் ஒரு நிபுணர் குழு, உவமைகளை விட்டுவிட்டு ரத்தக்குழாய், செதில், மயிர்க்கால் சார்ந்தவை, மற்ற அமைப்புகள், தனித் துப்புகள் என்று ஐந்து தலைப்பில் விவரிக்கலாம் என்று ஒழுங்கு செய்தது. அந்த ஒழுங்கு தலைக்கும் வந்தால் நல்லது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வெள்ளைப் புள்ளி.

1993இல் ஆஸ்திரேலியாவில் கோஸார்டும் ஸகரெல்லாவும் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். கருத்த தோலில் வரும் வடு முடியுதிர்வில், டெர்மோஸ்கோப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, அவை மயிர்க்கால் செத்த இடத்தில் எழுந்த நார்த்திசுத் தூண்கள் என்று சொன்னார்கள். (இதே கோஸார்ட்தான் அடுத்த வருடம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முன்நெற்றி முடிக்கோடு பின்வாங்கும் நோயை முதலில் விவரித்தவர்.) கவனியுங்கள், ட்ரைகோஸ்கோபி என்ற பெயரே பிறப்பதற்கு 13 வருடம் முன்பு, கருத்த தோலைப் பார்த்து எழுதிய கட்டுரை அது. கருத்த தோல் இந்தத் துறைக்குப் பின்னால் சேர்த்த இணைப்பு இல்லை, தொடக்கத்திலேயே இருந்தது. நிறமி கூடுதலாக இருப்பதால்தான் நிறமியில்லாத வடு வெள்ளையாக எடுபட்டுத் தெரிகிறது. வெள்ளைத் தோலில் வெள்ளைப் புள்ளியைத் தேடுவது சுண்ணாம்புச் சுவரில் கோலம் தேடுவது மாதிரி.

ஆனால் 2010இல் பிரேசிலிலிருந்து ஆப்ரஹாம் குழு இன்னொன்றைச் சொன்னது. கருத்த தலைத்தோலில் குண்டூசி முனை அளவு வெள்ளைப் புள்ளிகள் உண்டு, அவை காலியான மயிர்க்கால் வாய்களும் வியர்வைச் சுரப்பிகளின் வாய்களும் என்று திசுவோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். அதாவது நோய் இல்லாத தலையிலும் அவை இருக்கும். பழுப்பு வலைப்பின்னலுக்கு நடுவே சீராக இறைத்த ரவை மாதிரி. வடுவின் வெள்ளைப் புள்ளியோ கொஞ்சம் பெரியது, ஓரம் மங்கியது, ஒழுங்கில்லாமல் கிடக்கும்.

ஆக, நம் தலைகளில் வெள்ளைப் புள்ளி இரண்டு வகை. ஒன்று "மயிர்க்கால் செத்துவிட்டது" என்கிறது. மற்றது "இது தோல், வியர்க்கும்" என்கிறது. பத்து மடங்கு லென்ஸில், அவசர ஓ.பி.யில், இரண்டையும் குழப்பிக்கொள்வது எவ்வளவு சுலபம்! ஒரு பக்கம் குழப்பினால் நல்ல தலைக்கு வடு நோய் என்று பயமுறுத்துவோம். மறுபக்கம் குழப்பினால் வடுவைப் பார்த்து "இதெல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவோம். முடி வரும் ஓட்டைகள் இருக்கின்றனவா என்ற முதல் கேள்விகூட இதில் மாட்டிக்கொள்கிறது. வியர்வை வாயை மயிர்க்கால் வாய் என்று நினைத்துவிட்டால், ஓட்டை இருக்கிறது, ஆகவே புழுவெட்டு, ஆகவே ஊசி. அந்த முடி கிளினிக்கின் திரையில் அக்காவின் தலை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது எனக்கு நினைவிருக்கிறது. "ஓட்டை எல்லாம் இருக்கு, முடி வந்துடும்" என்றார்கள். அவர்கள் காட்டியது எந்தப் புள்ளி என்று இப்போது சொல்ல வழியில்லை, அந்தப் படத்தை எங்களுக்குத் தரவில்லை.

மற்ற நிறங்களிலும் இந்தக் கதை உண்டு. மயிர்க்காலைச் சுற்றிய சிவப்பு, கருத்த தோலில் மங்கிப்போகும். அதற்குப் பதில் நீலச்சாம்பல் புள்ளிகள் கைகொடுக்கின்றன. நிறமி உதிர்ந்து தோலின் அடியடுக்கில் தங்கியவை அவை. 2010இல் வந்த இன்னொரு பிரேசில் கட்டுரை, லைக்கன் ப்ளானோபைலாரிஸில் அவை மயிர்க்காலைச் சுற்றி வளையமாகவும், டிஸ்காய்டு லூபஸில் கண்டபடி சிதறியும் இருக்கும் என்று வேறுபடுத்தியது. தர்க்கம் அழகானது: முதலாவதில் தாக்குதல் மயிர்க்காலைச் சுற்றி மட்டும், இரண்டாவதில் இடையில் இருக்கும் தோலும் அடிபடுகிறது. இப்படிக் காரணத்தோடு வரும் அடையாளத்தை நான் நம்புகிறேன். 2009இல் டோஸ்டி குழு விவரித்த, லூபஸில் மயிர்க்கால் வாயைச் சுற்றி வரும் செம்புள்ளிகளும் இந்த ரகம்.

செம்புள்ளி என்றதும் ஒரு சொந்தக் கதை. சர்க்யூட் போர்டில் சாலிடர் சரியாக விழுந்ததா என்று பார்க்க ஒரு யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் வைத்திருக்கிறேன். பெட்டியில் ஆயிரம் மடங்கு என்று போட்டிருக்கும், நம்ப வேண்டாம். அதை அக்காவின் வகிட்டில் வைத்தேன். வரிசையாகச் செம்புள்ளிகள், ஒவ்வொரு மயிர்க்கால் வாயிலும். எனக்கு வியர்த்துவிட்டது. லூபஸ் என்றால் வேறு உறுப்புகளையும் சோதிக்க வேண்டுமே என்று மனம் ஓடியது. அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னடா முழிக்கிற, குங்குமம்டா அது" என்றாள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தேங்காயெண்ணெய் விஷயம் சிரிப்பில்லை. லைக்கன் ப்ளானோபைலாரிஸின் முக்கிய அடையாளம், முடியின் அடியைக் குழாய் மாதிரி சுற்றிக்கொள்ளும் வெள்ளைச் செதில். டெர்மோஸ்கோப்பில் திரவம் தடவிப் பார்த்தால் செதில் மறைந்துவிடும், ஆகவே உலர்ந்த நிலையில் பார்க்க வேண்டும் என்பது இந்தத் துறையின் ஆரம்பப் பாடம். நம் வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று எண்ணெய் வைத்து வழித்துச் சீவிக்கொண்டு போகிறார்கள். திரவத்தைத் தலையிலேயே தடவிக்கொண்டு போவது மாதிரிதான் அது. சாயம் போட்டால் தோலில் கருப்பு ஒட்டும். திருப்பதி போய் மொட்டை போட்டு நாலு நாள் ஆனவருக்குத் தலை முழுக்கக் கரும்புள்ளி. குறைந்தது "முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள்" என்று ஓ.பி. சீட்டில் ஒரு வரி எழுதலாம்.

இத்தனை குறை சொன்ன பிறகு, கருவியே வேண்டாம் என்கிறேனா? இல்லை. எனக்குப் பிடிக்காதது அதைத் தீர்ப்பு சொல்லும் நீதிபதியாக ஆக்குவது. அது நல்ல வழிகாட்டி. 2013இல் மிட்டேவாவும் டோஸ்டியும் எழுதிய ஒரு கட்டுரையை, இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிகப் பயனுள்ளது என்று சொல்வேன். நோய் என்ன என்று டெர்மோஸ்கோப் சொல்லட்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கே வெட்டுவது என்று கேட்டார்கள். 80 நோயாளிகள், கண்ணாடியில் பார்த்து, நோய் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும் மயிர்க்காலைத் தேர்ந்தெடுத்து அங்கே பயாப்ஸி. 95 சதவீதத்தில் திசுப் பரிசோதனை தெளிவான முடிவைத் தந்தது. கண்ணாடி இல்லாமல் அதே கைகள் வெட்டியிருந்தால் எத்தனை கிடைத்திருக்கும் என்பதற்கு 95 என்ற எண் தனியாகப் பதில் சொல்லாதுதான். இருந்தாலும் கேள்வி சரியான கேள்வி.

எனக்கு அது ஏன் சரியென்று படுகிறது என்றால், அக்காவுக்கு நடந்தது இரண்டு பயாப்ஸி. முதலாவது, கருவி இல்லாமல், வழுக்கையின் நட்டநடுவில் எடுத்தது. பார்க்க மிக மோசமாக இருப்பது நடுதானே என்று எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. முடிவு: "வடு. குறிப்பிட்ட நோய் சொல்ல இயலாது." ஹார்டுடிஸ்க்கை முழுசாக அழித்த பிறகு லாக் ஃபைலைத் தேடின கதை. நடுவில் நோய் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டது. அது இப்போது இருப்பது ஓரத்தில், பார்க்க நன்றாக இருக்கும் முடிகளுக்கு இடையில். இரண்டாவது மருத்துவர் கண்ணாடியை ஓரமாக நகர்த்தி நகர்த்தி, அடியில் செதில் குழாய் கட்டிய முடிகள் மூன்று நான்கு இருந்த இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "இங்க நல்ல முடி இருக்கே டாக்டர், இதையுமா எடுக்கணும்?" என்று அக்கா கேட்டாள். 4 மில்லிமீட்டர்தான். அந்த வட்டத்துக்குள்தான் லைக்கன் ப்ளானோபைலாரிஸ் இருந்தது, மயிர்க்காலின் மேல்பகுதியைச் சுற்றி லிம்போசைட் கூட்டமாக, பாடநூல் படம் மாதிரி.

இரண்டு வட்டத்துக்கும் இடையே தூரம் மூன்று சென்டிமீட்டர் இருக்கும்.

ஆகவே இந்தக் கட்டுரைகள் எழுதுபவர்களிடம் என் வேண்டுகோள் சின்னது. நோய் உள்ளவர்களை மட்டும் எண்ணாதீர்கள், முடி கொட்டுகிறது என்று வரிசையில் நிற்கும் எல்லாரையும் பாருங்கள். பயாப்ஸி முடிவு தெரியாத இரண்டு பேரைத் தனித்தனியாகப் படத்தைப் பார்க்கச் சொல்லி, எத்தனை தடவை ஒத்துப்போகிறார்கள் என்று போடுங்கள். எத்தனை புள்ளி இருந்தால் "உண்டு" என்று எழுதினீர்கள் என்று ஒரு வரி. எண்ணெய் இருந்ததா, திரவம் தடவினீர்களா என்று ஒரு வரி. இப்போது படத்தைக் கொடுத்தால் கணினியே நோய் பெயர் சொல்லும் என்று என் தொழில்காரர்கள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே வரிகள் வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புரோகிராம் கற்றுக்கொள்வது நோயை அல்ல, எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கேமரா என்பதை.

நாலு மாதத்துக்கு ஒருமுறை அக்காவின் தலையை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படம் எடுக்கிறேன். அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் பக்கத்தில் வைக்கிறோம். மாத்திரை போகிறது. ஓரத்தில் குழாய் கட்டிய முடிகள் போன தடவை பதினொன்று, இந்தத் தடவை ஆறு என்று நான் எண்ணினேன். அக்கா அதே படத்தைப் பெரிதாக்கி எண்ணிவிட்டு ஒன்பது என்றாள். இருவரும் மறுபடி எண்ணினோம். எனக்கு ஏழு வந்தது, அவளுக்கு இன்னும் ஒன்பதுதான்.